இரண்டு சொற்கள், ஒரு மூட்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'இடுப்பு மூட்டுத் தேய்மானம்: அறிதலும் ஆற்றுதலும்' என்று என் தலைப்பு அச்சாகியிருக்கிறது. தலைப்பைக் கொடுத்தவன் நான்தான். ஆனாலும் அதில் உள்ள இரண்டு சொற்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. ஒன்று 'இடுப்பு'. மற்றொன்று 'தேய்மானம்'. முதல் சொல்லால் இந்த நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. இரண்டாம் சொல்லால் கண்டுபிடித்த பிறகும் தவறாகக் கையாளப்படுகிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் விளக்கம்.

விளக்கத்துக்கு முன்னால் ஒரு குற்ற ஒப்புதல்.

1980களின் நடுப்பகுதி. நான் படிப்பு முடித்துச் சில ஆண்டுகளே ஆன எலும்பு மருத்துவன். நடவு வேலைக்குப் போகிற ஓர் அம்மா, ஐம்பதைத் தொட்ட வயது, வலது முழங்கால் வலி என்று புறநோயாளிகள் வரிசையில் வந்தார். "முட்டிக்குள்ளாற குடையுது டாக்டரய்யா" என்றார். எக்ஸ்ரே எடுத்தேன். அந்த வயதுக்கு இருக்கக்கூடிய சிறு மாற்றங்கள் தெரிந்தன. மாத்திரை எழுதினேன். அடுத்த மாதம் மாத்திரையை மாற்றினேன். அதற்கடுத்த மாதம் முழங்காலில் ஊசி போட்டேன். நான்காம் முறை, கட்டுப் போடலாம் என்று குனிந்தபோதுதான் பாதங்களைக் கவனித்தேன். இடது கால் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. வலது கால் நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன.

"ஏம்மா, இந்தக் கால்ல மட்டும் நகம் வெட்டலையா?"

"அந்தக் காலு கைக்கு எட்டல ஐயா. ரெண்டு வருசமாச்சு. மருமககிட்ட வெட்டிவிடச் சொல்லக் கூச்சமா இருக்கு."

அவர் முழங்கால் நன்றாக மடங்குகிறது என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதமாக நானே மடக்கிப் பார்த்திருக்கிறேன். முழங்கால் மடங்கியும் பாதம் கைக்கு எட்டவில்லை என்றால், மடங்க மறுப்பது அதற்கு மேலே உள்ள மூட்டு. மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கி, தொடையை உள்பக்கமாகத் திருப்பினேன். பூட்டிய கதவுபோல நின்றது. அம்மா முகம் சுளித்தார். மூன்று மாதம் நான் தட்டிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுக் கதவை.

முதல் சொல்: இடுப்பு

தமிழில் இடுப்பு என்பது ஓர் எல்லை. சேலை கட்டும் இடம் இடுப்பு. குடம் வைக்கும் இடம் இடுப்பு. 'இடுப்புப் பிடித்துக்கொண்டது' என்றால் கீழ்முதுகு. 'இடுப்பு வலி கண்டுவிட்டது' என்றால் வீட்டில் உடனே வண்டிக்குச் சொல்லிவிடுவார்கள், அது பிரசவ வலி. இத்தனை இடங்களைச் சுட்டும் அந்தச் சொல், தொடை எலும்பின் பந்துத் தலை இடுப்பெலும்பின் குழியில் பொருந்தும் அந்த ஒரு மூட்டை மட்டும் சுட்டுவதில்லை. பாடப்புத்தகத்தில் 'இடுப்பு மூட்டு' என்று எழுதுகிறோம். ஆனால் நோயாளி யாரும் அந்தச் சொல்லோடு வருவதில்லை. 'தொடைச்சந்து' என்பார்கள், 'கவட்டை' என்பார்கள், பெண்கள் பலர் அதையும் சொல்லாமல் தொடையைத் தடவிக் காட்டுவார்கள்.

இந்த மூட்டு உடலில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொடுவார்கள். உண்மையில் அது தொடை இடுக்கின் நடுவே, ஆழத்தில், பெரிய இரத்தக்குழாயின் பின்னால் இருக்கிறது. ஆகவே அதன் வலியும் பெரும்பாலும் முன்பக்கத் தொடை இடுக்கில்தான் வரும். சிலருக்குப் பிட்டத்தில் வரும். சிலருக்குத் தொடை வழியாக இறங்கி முழங்காலில் மட்டும் வரும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்புகள் கிளை கொடுப்பதுதான் இதற்குக் காரணம். மூளைக்குச் செய்தி போய்ச் சேர்கிறது, அனுப்பியவர் முகவரி மட்டும் மாறிவிடுகிறது.

இது பெரியவர்களுக்கு மட்டுமான செய்தி இல்லை. பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளை, கொஞ்சம் பருமனானவன், முழங்கால் வலி என்று நொண்டிக்கொண்டு வந்தால் இடுப்பு மூட்டைப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. அந்த வயதில் தொடை எலும்பின் தலை, வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் ஒரு நோய் உண்டு. அன்றே கண்டால் ஒரு திருகாணியில் நிறுத்தலாம். தவறவிட்டால் நாற்பது வயதில் அவன் என் வரிசையில் நிற்பான்.

ஆகவே மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். "எங்கே வலிக்கிறது?" என்ற கேள்வி இந்த மூட்டுக்குப் போதாது. "எதைச் செய்ய முடியவில்லை?" என்று கேளுங்கள். கால் நகம் வெட்ட முடிகிறதா? மெட்டியைச் சரிசெய்ய முடிகிறதா? பேன்ட்டுக்குள் முதலில் எந்தக் காலை விடுகிறீர்கள்? சம்மணம் போட்டால் இரண்டு முழங்காலும் ஒரே உயரத்தில் தரையை நோக்கி இறங்குகின்றனவா? பேருந்தின் முதல் படியில் எந்தக் கால் முன்னால் போகிறது? இந்தக் கேள்விகளுக்கு நோயாளி சொல்லும் பதிலிலேயே மூட்டு தன் பெயரைச் சொல்லிவிடும். பிறகு தொடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இந்த நோயில் முதலில் பறிபோவது அந்த அசைவுதான்.

இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி நெறிகள் 2022-ல் ஒரு படி மேலே போய்விட்டன. வயது 45 அல்லது அதற்கு மேல், இயங்கும்போது வரும் வலி, காலை எழுந்ததும் வரும் இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடிக்காதது, இந்த மூன்றும் இருந்தால் மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்ய எக்ஸ்ரேகூடத் தேவையில்லை என்கின்றன. நம் ஊரில் மற்ற காரணங்கள் அதிகம் என்பதால் நான் ஒரு எக்ஸ்ரே எடுக்கவே செய்வேன். ஆனால் படத்தை வைத்து வலியை அளக்கக்கூடாது என்ற அவர்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன்.

தராசுக் கணக்கு

இந்த மூட்டு எவ்வளவு சுமக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத் துலாக்கோல் கணக்காலேயே புரிந்துகொள்ளலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் வலது காலில் மட்டும் நிற்கிறார். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நாம் அப்படித்தான் நிற்கிறோம். ஊன்றிய காலைக் கழித்தால், அந்த மூட்டுக்கு மேல் சுமார் 50 கிலோ இருக்கிறது. அந்தச் சுமையின் மையம் மூட்டிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி விழுகிறது. உடல் இடப்பக்கம் சாயாமல் பிடித்து நிறுத்துவது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை. அது மூட்டுக்கு வெளியே 5 சென்டிமீட்டரில்தான் பிடித்திருக்கிறது. பாதித் தூரத்தில் நின்று இழுப்பதால் இரண்டு மடங்கு பலம் வேண்டும், அதாவது 100 கிலோ. சுமை 50, தசையின் இழுப்பு 100. ஆக மூட்டின் மேல் 150 கிலோ. பெர்லினில் ஆராய்ச்சியாளர்கள் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவிடும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு அளவில் சுமை ஏறியது. கால் இடறினால் அது எட்டு மடங்கு வரைகூடப் போனது.

இந்த ஒரு கணக்குக்குள் பாதி மருத்துவம் அடங்கியிருக்கிறது.

ஏன் இந்த நோயாளிகள் வலிக்கிற பக்கமே சாய்ந்து நடக்கிறார்கள்? உடம்பைச் சுமையோடு மூட்டின் மேலேயே கொண்டுவந்து வைத்தால் அந்த 10 சென்டிமீட்டர் குறைகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரின் உடம்புகூட இந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிறது.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? பலர் வலிக்கிற பக்கத்துக் கையில் பிடிக்கிறார்கள், திரைப்படத்து முதியவர்கள் உட்பட. பிடிக்க வேண்டியது எதிர்க்கையில். வலது மூட்டு நோய் என்றால் இடது கையில் தடி. அந்தக் கை வலது மூட்டிலிருந்து 45 சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளி இருப்பதால், 5 கிலோ அழுத்தினாலே காகிதக் கணக்கில் 150 கிலோ 100 ஆகிறது. நிஜ நடையில் இவ்வளவு குறையாது, ஆனாலும் நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் அளவு குறைகிறது. கைத்தடியைத் தூர எறியாதீர்கள் என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுன்ட் 1956-ல் ஒரு கட்டுரையே எழுதினார்.

குடத்தை எந்த இடுப்பில் வைப்பது? இதற்கு விடை நேர்மாறு. தடி எதிர்ப்பக்கம், சுமை நோயுள்ள பக்கம். எதிர்ப்பக்கம் குடம் ஏறினால் தராசின் நீளமான பக்கத்தில் கூடுதல் எடை வைத்ததுபோல் ஆகிவிடும். காய்கறிப் பைக்கும் இதே விதி. இதைச் சொன்னால் நோயாளிகள் நம்பாமல் சிரிக்கிறார்கள். "வீட்டுக்குப் போய் இரண்டு விதமாகவும் பத்து அடி நடந்து பாருங்கள், பிறகு என்னை நம்புங்கள்" என்பேன்.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் மூட்டின் மேல் ஒவ்வோர் அடிக்கும் இரண்டரை கிலோ குறைகிறது. வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் ஒருநாள் எத்தனை அடி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் சொல்: தேய்மானம்

கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், தேய்மானம் என்பது வரவு செலவுப் புத்தகத்துச் சொல். எந்திரம் வாங்கிய நாளிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று மதிப்பில் கழித்துக்கொண்டே வருவது. நாம் அதை மூட்டுக்கு வைத்தோம். வைத்ததும் நோயாளியின் மனத்தில் ஒரு படம் விழுந்துவிட்டது: ஓடிய டயர் தேய்ந்துவிட்டது, இனி ஓட்டினால் இன்னும் தேயும், ஆகவே ஓட்டாதே. நடையை நிறுத்தினார்கள். தசை மெலிந்தது. தராசில் இழுத்துப் பிடிக்க வேண்டிய தசையே மெலிந்த பிறகு மூட்டின் கதி என்ன?

மூட்டு டயர் இல்லை. அதன் முகத்தில் இருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். அதற்குள் இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. சோறு எங்கிருந்து வருகிறது? மூட்டு நீரிலிருந்து. அழுத்தும்போது நீர் பிழியப்படுகிறது, விடும்போது உறிஞ்சப்படுகிறது. கடற்பஞ்சை அமுக்கி விடுவதுபோல. அசைவுதான் அதற்கு உணவூட்டும் கை. அதன் வழுவழுப்பை அளந்து பார்த்தால், பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட உராய்வு குறைவு. நாம் செய்த எந்தத் தாங்கு உருளையும் எழுபது ஆண்டு, எண்ணெய் போடாமல், அப்படி ஓடியதில்லை.

நோய் வரும்போது நடப்பதும் வெறும் உரசல் இல்லை. குருத்தெலும்பைக் கட்டும் வேலையும் கரைக்கும் வேலையும் எப்போதும் சேர்ந்தே நடக்கின்றன. கரைக்கும் கை ஓங்குகிறது. அடியில் உள்ள எலும்பு இறுகித் தடிக்கிறது, அதற்குள் சிறு நீர்க்குழிகள் உண்டாகின்றன. விளிம்புகளில் புது எலும்பு முளைக்கிறது. மூட்டுச் சவ்வு அழல்கிறது, உறை சுருங்குகிறது. எக்ஸ்ரேயில் காணும் அந்த முளைகளைக் காட்டி 'எலும்பு வளர்ந்துவிட்டது' என்று பயமுறுத்துகிறோம். அவை சுமையை விரித்துத் தாங்க உடம்பு செய்த, சரியாக அமையாத ஒட்டுவேலை. குருத்தெலும்புக்கு நரம்பில்லை என்பதால் அது கரைவது வலிக்காது. வலி எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் உறையிலிருந்தும் தசையிலிருந்தும் வருகிறது. படம் மோசமாக இருந்தும் ஒருவர் கோயிலைச் சுற்றி வருவதும், படம் சுமாராக இருந்தும் இன்னொருவர் தூங்காமல் தவிப்பதும் இதனால்தான்.

எனவே தேய்மானம் என்ற சொல்லை நான் நோயாளியிடம் கூடியவரை தவிர்ப்பேன். "மூட்டு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொண்டிருக்கிறது, வேலை சரியாக நடக்கவில்லை, நாம் கைகொடுக்கலாம்" என்பேன். நீளமான வாக்கியம்தான். ஆனால் அதைக் கேட்டவர் நடையை நிறுத்துவதில்லை.

நம் ஊரில் எங்கிருந்து வருகிறது

ஐரோப்பியர்களிடம் இந்த நோய் வெளிப்படையான காரணம் இல்லாமலே வயதோடு வருவது மிக அதிகம். இந்தியர்களிடமும் கிழக்காசியர்களிடமும் அது குறைவு. முழங்கால் நோய்தான் மிகுதி. 1960களிலேயே இந்திய மருத்துவர்கள் இதை ஆய்ந்து எழுதினார்கள். நாம் குந்தி உட்காருவதால் மூட்டு முழு வீச்சில் அசைந்து காக்கப்படுகிறது என்று ஒரு கருத்து உண்டு. கேட்க இனிமையானது, ஆனால் நிறுவப்படாதது. எலும்பின் வடிவ வேறுபாடு வலுவான காரணமாகப் படுகிறது. தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேரும் இடம் குறுகாமல் புடைத்திருந்தால், மடக்கும்போது அது குழியின் விளிம்பில் இடித்து மூட்டைக் கெடுக்கும் என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003-ல் விளக்கினர். அந்தப் புடைப்பு ஆசியர்களிடம் குறைவாகக் காணப்படுகிறது.

நம்மிடம் வரும் இடுப்பு மூட்டு நோய்க்குப் பெரும்பாலும் ஒரு முன்கதை இருக்கும். மருத்துவரின் வேலை அந்தக் கதையைத் தேடுவது.

ஒன்று, இரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் தலை செத்துப்போவது. மது, அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு, தொடை எலும்பின் கழுத்து முறிவு என்று காரணங்கள் பல. முப்பது வயது இளைஞருக்குத் தொடை இடுக்கில் வலி என்றால் எனக்கு முதலில் தோன்றும் ஐயம் இதுதான். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும். நாட்டு மருந்து என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்த பொடியை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் அரிவாள் வடிவ இரத்த அணுச் சோகை முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம். அந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால் இளம் வயதிலேயே இந்த எலும்பு சாகக்கூடும்.

இரண்டு, காசநோய். சென்னையின் பேராசிரியர் டி.கே. சண்முகசுந்தரம் 1983-ல் இடுப்பு மூட்டுக் காசநோயை எக்ஸ்ரே தோற்றத்தால் வகைப்படுத்தினார். உலகமெங்கும் எலும்பு மருத்துவ மாணவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். அதில் ஒரு வகைக்குப் பெயர் உரலும் உலக்கையும். குழி அகன்று, தலை சிறுத்து, பார்த்தால் நம் வீட்டு முற்றத்துப் பொருளேதான்.

மூன்று, பிறவியிலேயே குழி ஆழமில்லாமல் இருப்பது. இங்கே நம் தாய்மார்களைப் பாராட்ட வேண்டும். குழந்தையை இடுப்பில் தூக்கி வைக்கும்போது அதன் கால்கள் இரண்டும் விரிந்து, மடங்கி, தாயின் உடலைக் கவ்விக்கொண்டிருக்கும். பந்து குழிக்குள் பதிந்து குழி ஆழமாக வளர அதுவே சிறந்த நிலை. பச்சிளங்குழந்தையின் கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கமுள்ள சமூகங்களில் மூட்டு விலகல் அதிகம். ஜப்பானில் 1970களில் குழந்தையின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று பரப்புரை செய்தபின் அந்நோய் வெகுவாகக் குறைந்தது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் குழந்தையைத் துணியில் குச்சிபோல் சுற்றிப் படம் எடுக்கும் புதுவழக்கம் நம்மிடம் பரவுகிறது. பாட்டிமார்கள் தடுத்தால் பாட்டிமார்கள் பக்கம் நில்லுங்கள்.

என் நகம் வெட்டாத அம்மாவுக்கு இந்த மூன்றாம் காரணம்தான். ஆழமில்லாத குழி, பல ஆண்டு நடவு.

கத்திக்கு முன்

முதல் மருந்து அசைவு. பக்கவாட்டில் படுத்து மேல்காலை நீட்டித் தூக்குவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பிட்டத்தைத் தூக்குவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. சாதாரணப் பயிற்சிகள்தான். ஆறு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பலர் பத்தாம் நாள் விட்டுவிடுகிறார்கள். நீச்சலும் மிதிவண்டியும் நல்லவை. பயிற்சியின்போது சற்று வலி வரலாம், அது கெடுதல் இல்லை. மறுநாள் காலை வரை வலி தங்கினால் அளவைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது எடை. மூன்றாவது கைத்தடி. நான்காவது வீடு: உயரமான நாற்காலி, கழிப்பறையில் மேற்கத்தியக் கோப்பை, பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி.

மாத்திரை ஐந்தாவது இடத்தில்தான். பாரசிட்டமால் இந்த நோயில் பெரிதாக உதவுவதில்லை என்று இப்போது தெரிகிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் உதவும், ஆனால் குறைந்த அளவில், குறைந்த நாளைக்கு. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கி, மூட்டைக் காப்பாற்றப்போய்ச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் உண்டு. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள், மிஞ்சிப்போனால் சில மாதங்கள் ஆறுதல் தரும். ஒரு திருமணத்தை நடத்தி முடிக்கவோ, அறுவைக்கு நாள் வரும்வரை தாக்குப்பிடிக்கவோ அது போதும். வாழ்நாள் வழி அதுவல்ல. குருத்தெலும்பை வளர்க்கும் என்று விற்கப்படும் குளுக்கோசமைன், இடுப்பு மூட்டில் போடும் 'ஜெல்' ஊசி, இரத்தத் தட்டணு ஊசி, ஸ்டெம் செல் ஊசி ஆகியவற்றை அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் 2019 வழிகாட்டி நெறி வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிவிட்டது. நம் நகரங்களில் அவற்றின் விளம்பரப் பலகைகள் மட்டும் அதைப் படிக்கவில்லை.

நெசவாலைப் பல்சக்கரம்

இனி அறுவை. செயற்கை மூட்டின் கதை பொருள் தேடிய கதை. 1891-ல் பெர்லினில் தெமிஸ்டாக்ளஸ் குளூக் யானைத் தந்தத்தில் பந்தும் குழியும் செய்தார். 1920களில் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார், உடைந்தது. 1946-ல் பாரிசில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் தலை வைத்தார்கள், அது தளர்ந்தது.

அந்த அக்ரிலிக் தலை வைத்த ஒருவர் மான்செஸ்டரில் ஜான் சார்ன்லியிடம் வந்தார். நகரும்போதெல்லாம் மூட்டு கிரீச்சிடுகிறதாம். மனைவியால் கூட இருக்க முடியவில்லையாம். வேறொருவர் சிரித்திருப்பார். சார்ன்லி அந்தக் கிரீச்சொலியில் உராய்வைக் கேட்டார். மூட்டின் சிக்கல் மசகுச் சிக்கல் என்று முடிவுகட்டி, வழுக்கும் டெஃப்லானில் குழி செய்தார். ஏறக்குறைய 300 பேருக்கு வைத்தார். முதலில் அற்புதம். ஓரிரு ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அந்தத் துகள் எலும்பை அரித்தது. சார்ன்லி ஒளிக்கவில்லை. துகளைத் தன் தொடையிலேயே செலுத்தி என்ன ஆகிறது என்று பார்த்தார். நோயாளிகளைத் திரும்ப அழைத்து மறு அறுவை செய்தார்.

1962-ல் ஒரு விற்பனையாளர் நெசவாலைப் பல்சக்கரங்களுக்கான ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து வேண்டாம் என்றார். அவருடைய பட்டறைத் தொழிலாளர் ஹாரி கிரேவனோ அந்தப் பேச்சைக் கேட்காமல், ஐயா ஊரில் இல்லாதபோது அதைத் தேய்க்கும் எந்திரத்தில் மாட்டிவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவு இது மூன்று வாரத்திலும் தேயவில்லை. அந்த நவம்பரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அது முதல் நோயாளியின் மூட்டுக்குள் போனது. ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனையாக இருந்த இடம் அது. லங்காஷயரின் தறிகளுக்கென்று வந்த பிளாஸ்டிக்கின் வழித்தோன்றல்கள்தாம் இன்றும் உலகமெங்கும் மூட்டுகளில் ஓடுகின்றன. இந்த அறுவையை 'நூற்றாண்டின் அறுவை' என்று 2007-ல் லான்செட் இதழ் அழைத்தது.

எவ்வளவு நாள் உழைக்கும்? பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்து 2019-ல் வெளியான ஆய்வுப்படி, 25 ஆண்டுகளுக்குப் பிறகும் 58 விழுக்காடு செயற்கை மூட்டுகள் மாற்றப்படாமல் உழைத்தன. அவை பழைய வகைகள். இன்றைய பிளாஸ்டிக் இன்னும் உறுதி. பயிற்சியே போதாதா என்ற கேள்விக்கும் விடை வந்திருக்கிறது. டென்மார்க்கில் கடுமையான நோயுள்ள 109 பேரை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு அறுவையும் மறு குழுவுக்கு எடைப்பயிற்சியும் அளித்த ஆய்வு 2024-ல் வெளியானது. 48 மதிப்பெண் அளவுகோலில் ஆறு மாதத்தில் அறுவைக் குழு சுமார் 16 புள்ளி முன்னேறியது, பயிற்சிக் குழு நாலரை. பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளில்லை. முற்றிய மூட்டுக்கு அறுவையைத் தள்ளிப்போடுவதால் லாபமில்லை என்று பொருள்.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். நூற்றில் ஓரிருவருக்குச் சீழ்த்தொற்று, மூட்டு விலகல், இரத்தக் கட்டி வரலாம். இரு கால்களின் நீளத்தில் சிறு வேறுபாடு வரலாம். உலோகத்தின் மேல் உலோகம் ஓடும் ஒரு வகை மூட்டு, உலோகத் துகள் திசுக்களைக் கெடுத்ததால் 2010-ல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் பலர் பாதிக்கப்பட்டார்கள். ஆகவே உங்களுக்குள் வைத்தது எது என்று எழுதிய அட்டையைச் சொத்துப் பத்திரம்போல் வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் உட்காரும் நாடு

நம் நோயாளி கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை வருசம் உழைக்கும்?' அல்ல. "தரையில உக்காரலாமா?" என்பதுதான். சார்ன்லியின் பந்து 22 மில்லிமீட்டர். நாற்காலி நாட்டுக்கு அது போதும். நாமோ பந்தியில், பூசையில், துக்க வீட்டில் தரையில் அமர்பவர்கள். இன்று பெரிய பந்துகள் வந்துவிட்டன. பந்துக்குள் பந்து சுழலும் இரட்டை அசைவு மூட்டும் இருக்கிறது. 1970களில் பிரான்சில் ழில் பூஸ்கே உருவாக்கியது. இவற்றால் விலகும் ஆபத்து குறைந்திருக்கிறது. முதல் மூன்று மாதம் தரையும் குந்துதலும் கால்மேல் காலும் கூடாது. அதன்பின் எவ்வளவு என்பதை உங்கள் மூட்டின் வகையும் அறுவை செய்த வழியும் தீர்மானிக்கும். அறுவைக்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

எப்போது செய்துகொள்வது? இரவு வலி தூக்கத்தைக் கெடுக்கும்போது. கடைத்தெரு எட்டாமல் போகும்போது. ஆறு மாத நேர்மையான பயிற்சிக்குப் பிறகும் வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வரும்போது. எக்ஸ்ரே அந்த முடிவை எடுக்காது. நோயாளிதான் எடுக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு வருவோம். எதிர்க்கைத் தடியோடும் பயிற்சியோடும் நான்கு ஆண்டு ஓட்டினார். பிறகு மூட்டு மாற்றினோம். ஓராண்டு கழித்து வந்தவரிடம், "இப்ப முட்டி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். கேலி புரிந்து சிரித்தார். பேச்சு எதுவும் பேசாமல் செருப்பைக் கழற்றி, வலது பாதத்தைப் பெஞ்சின் ஓரத்தில் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக் காட்டினார். நகங்கள் வெட்டியிருந்தன. கட்டை விரலில் மட்டும் ஒரு சிறு கீறல், பழக்கம் விட்டுப்போன கையின் கீறல்.

இன்று இந்த அவையிலிருந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இடுப்பு வலிக்கிறதா என்று கேட்காதீர்கள். முதுகைக் காட்டுவார்கள். "கால் நகத்தை யார் வெட்டிவிடுகிறார்கள்?" என்று கேளுங்கள்.